பொருள் சுமக்கும் பூதம்: செய்வது, தீனி போடுவது, கைகழுவுவது

முதல் விதியை மறந்தால் மற்றதெல்லாம் வீண்: இந்தப் பூதம் எதையும் உண்டாக்காது, தூக்கித்தான் வரும். உங்கள் மரத்தாழியில் வெண்ணெய் பொங்குகிறதா? அடுத்த பண்ணையில் எவ்வளவு கடைந்தும் திரளவில்லை என்று பொருள். உங்கள் குதிர் நிறைகிற அளவுக்கு யாருடைய குதிரோ குறைகிறது. எஸ்டோனியாவின் கிராட், பின்லாந்தின் பாரா, லிதுவேனியாவின் ஐத்வாரஸ், உக்ரைன் மலைப்பக்கத்து ஹொவானெட்ஸ், ஹங்கேரியின் லிதேர்ட்ஸ் என்று பெயர் மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஊரில் உள்ள செல்வம் ஓர் அளவுதான், ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும் என்ற குடியானவர் மனக்கணக்கை மானிடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் 1965-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அதைப் படிக்காதவர்களும் இந்தப் பூதங்களைப் பார்த்தால் அதே முடிவுக்குத்தான் வருவார்கள்.

இங்கே தருவது அந்தந்த ஊர் நம்பிக்கையின்படியான செய்முறை. கதை எழுதுபவர்களும் விளையாட்டு வடிவமைப்பவர்களும் பூதத்தைப் பெறும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வைத்துக் காப்பாற்றும் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பாதியைப் பற்றியதுதான். பூதம் வருவதற்குச் சில இரவுகள் போதும். அதை வைத்துக்கொள்வதும் விடுவதும்தான் பாடு.

எதை வளர்ப்பது

என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எல்லாப் பூதமும் எல்லாவற்றையும் சுமக்காது. பாலும் வெண்ணெயும்தான் தேவை என்றால் பாரா. ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் பழங்குடியினரான சாமி மக்களிடம் இதற்கு ‘வெண்ணெய்ப் பூனை’ என்றே பெயர். கிழக்கு ஜெர்மனியின் லுசாத்தியாவில் வாழும் ஸ்லாவிய சிறுபான்மையினரான சோர்பியர்கள் தங்கள் பறக்கும் நாகத்தை, அதாவது ஸ்மியை, மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: பணம் கொண்டுவருவது, தானியம் கொண்டுவருவது, பால் கொண்டுவருவது. கிராட்டுக்கு அப்படிப் பாகுபாடு இல்லை. சொன்னதைச் சுமக்கும். அதற்கு எஸ்டோனியர்கள் வைத்த பெயர்களில் ஒன்று ‘வெதாயா’, அதாவது இழுத்துவருபவன். இன்னொன்று ‘துலிஹாந்த்’, நெருப்பு வால்.

பெறும் முறைகள் இரண்டு பெரிய வகை. வடக்கே, பால்டிக் கரையில், பூதத்தைக் கைவேலையாகக் கட்டுவார்கள். தெற்கே, ஸ்லாவிய ஊர்களில், முட்டையிலிருந்து பொரிக்க வைப்பார்கள். ஹங்கேரியர்கள் மொழியால் ஃபின்னியர்களுக்கு உறவு, ஆனால் பூத விஷயத்தில் பக்கத்து ஸ்லாவியர்களைப் போல முட்டைக்காரர்கள். ஆகவே மொழிக்குடும்பத்தை வைத்து இந்தப் பூதங்களை அடுக்கப் போகிறவர்கள் முதல் படியிலேயே இடறுவார்கள். பெயர்களும் அப்படித்தான். கிராட் என்ற சொல், செக் மொழியின் ஸ்க்ரீதெக், ஸ்லோவேனிய ஸ்க்ராத் எல்லாமே ஒரு பழைய ஜெர்மானியச் சொல்லின் வழித்தோன்றல்கள். பாரா என்பதும் ஸ்வீடிஷ் ‘பியேரா’விலிருந்து வந்தது, சுமப்பவள் என்று பொருள். பின்லாந்தில் மிக்கேல் அக்ரிகோலா 1551-இல் அச்சிட்ட சங்கீதப் புத்தகத்தின் முன்னுரையில், ஹாமே பகுதி மக்களின் தெய்வங்களில் ஒன்றாகக் ‘கிராத்தி’யைச் சொல்கிறார்: உடைமைகளைக் கவனித்துக்கொள்வது அதன் வேலையாம்.

கிராட் கட்டுவது

பொருட்கள் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். தேய்ந்த விளக்குமாறு உடலுக்கு, உடைந்த பானை தலைக்கு, நூல் சுற்றும் கட்டைகள் கைக்கு, இடைவெளிகளை அடைக்க வைக்கோல். பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். மாறாதது, எல்லாமே கழித்துக்கட்டிய வீட்டுச் சாமான் என்பது. புதுச் சாமான் வாங்கிச் செய்ததாகக் கதை இல்லை. ஒரு வீட்டுக்கு உழைத்துத் தேய்ந்த பொருளுக்கு அந்த வீட்டு வேலை பழகியிருக்கும் என்பது எங்கள் ஊகம்.

நேரம்: வியாழக்கிழமை இரவு, அதுவும் அடுத்தடுத்து மூன்று. வியாழன் மாலை அந்தப் பக்கத்தில் நூல் நூற்கக் கூடாத, சத்தமான வேலை செய்யக் கூடாத பொழுது. விலக்கப்பட்ட நேரத்தில் வேலை செய்வதே சடங்கின் பாதி. இடம்: நாற்சந்தி. மூன்றாம் வியாழன் சாத்தானைக் கூப்பிட்டு, விரலைக் குத்தி மூன்று சொட்டு இரத்தம் கொடுத்தால் கட்டையும் வைக்கோலும் எழுந்து நிற்கும். அந்த மூன்று சொட்டுதான் பத்திரத்தில் போடும் கையெழுத்து: உயிர் பிரிந்தபின் ஆன்மா சாத்தானுக்கு. தன் இரத்தத்துக்குப் பதில் வேறு எதையாவது கொடுத்து ஏமாற்றப் பார்த்தவர்களின் கதைகளும் உண்டு. ஆனால் ஏமாந்த சாத்தான் கணக்கை மறப்பதில்லை.

பாரா செய்வது

பாரா பெண்களின் வேலை. பால் கறப்பதும் வெண்ணெய் கடைவதும் வீட்டுத் தலைவியின் பொறுப்பு, அதனால் பாரா வைத்திருக்கும் பழியும் அவள் மீதே விழுந்தது. கிறிஸ்ட்ஃப்ரித் கனாந்தர் 1789-இல் துர்கூவில் வெளியிட்ட ஃபின்னிஷ் புராண அகராதியில் இது இடம்பெற்றிருக்கிறது. கைக்குழந்தையின் குல்லா ஒன்று, அதில் திணிக்கக் கந்தல், காலுக்கு நூற்கும் கதிர்க்கட்டைகள் மூன்று. மூன்றுதான், நான்கு இல்லை. இவற்றோடு தேவாலயத்தில் நற்கருணையாகக் கொடுக்கும் அப்பத்தை விழுங்காமல் வாயில் ஒதுக்கிக் கொண்டுவந்து உள்ளே வைக்க வேண்டும். பிறகு “பிற, பிற, பாரா” என்று சொல்லி எழுப்புவார்கள். சொன்னவுடன் எழுந்து தள்ளாடி ஓடும்.

ஸ்வீடிஷ் பேசுபவர்களிடம் உடன்படிக்கை இன்னும் வெளிப்படை: “நீ எனக்காகப் பூமியில் ஓடு, நான் உனக்காக நரகத்தில் எரிகிறேன்.”

பால் வரும் வழி அழகாக இருக்காது. பாரா அடுத்த தொழுவங்களில் பாலை வயிறு முட்டக் குடித்து, ஓடிவந்து, உங்கள் தாழியில் கக்கும். அளவு மீறிக் குடித்தால் வழியிலேயே கக்கிவிடும். அந்தச் சான்றை இன்றும் காட்டில் பார்க்கலாம். மழைக்குப் பின் மட்கிய மரக்கட்டைகளில் ஒரே இரவில் படரும் பளீர் மஞ்சள் கூழ், ஃபூலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சை வகை. உயிரியல் கணக்கில் அது பூஞ்சையே அல்ல. அதற்கு ஃபின்னிஷ் மொழியில் ‘பாராவின் வெண்ணெய்’ என்று பெயர்.

முட்டையிலிருந்து

கார்பாத்திய மலைப்பக்கத்து உக்ரைனியர் முறை இது. கோழி எப்போதாவது இடும், மஞ்சள்கரு இல்லாத சிறு முட்டையைத் தேடி எடுங்கள். அதை இடது அக்குளில் 9 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 9 நாளும் குளிக்கக் கூடாது, முகம் கழுவக் கூடாது, பிரார்த்தனை கூடாது, சிலுவைக் குறி கூடாது. பழக்கதோஷத்தில் கை நெற்றிக்குப் போனாலும் எல்லாம் கெட்டது. செக் ஊர்களின் ராராஷெக்குக்கும் ப்லிவ்னீக்குக்கும் இதே அக்குள், இதே 9 நாள். அங்கே கறுப்புக் கோழியின் முட்டை கேட்பார்கள். ஹங்கேரியில் கறுப்புக் கோழி இடும் முதல் முட்டை.

கோழி வளர்ப்பவர்கள் சிரிப்பார்கள். சாதாரண முட்டை பொரிக்க 37.5 டிகிரியை ஒட்டிய சூடும் 21 நாளும் வேண்டும். அக்குளின் சூடு அதற்குச் சற்றுக் குறைவு, நாளும் பாதிகூட இல்லை, மஞ்சள்கரு இல்லாத முட்டையிலோ கரு உருவாகவே வழியில்லை. ஒருவேளை அதுதான் விஷயமோ என்னவோ: எதுவும் பொரிக்கவே முடியாத முட்டையிலிருந்து பொரிப்பது கோழிக்குஞ்சாக இருக்காது.

கேட்காமல் வந்து சேர்வது

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். மழையில் நனைந்து நடுங்கும் கறுப்புக் கோழியோ குஞ்சோ வழியில் கிடந்தால் இரக்கப்பட்டுத் தூக்கிவராதீர்கள். போலந்தின் வர்மியா, மசூரியா பகுதிகளின் குவோபுக் அப்படித்தான் வீட்டுக்குள் வரும். ஸ்லோவாக்கியாவின் ஸ்மோக்கும் ஈரக் கோழிக்குஞ்சு உருவம்தான். தெப்பமாக நனைந்தவனை ‘ஸ்மோக் மாதிரி நனைந்தவன்’ என்று அங்கே சொல்வார்கள். அடுப்பருகே விட்டு உலர வைத்தீர்களோ, மறுநாள் காலை தரையில் தானியக் குவியல் இருக்கும். அந்தத் தானியத்தைத் தொடும்வரை தப்பிக்க இடம் உண்டு. ஒரு மணியைக்கூட எடுக்காமல், குஞ்சை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்கின்றன கதைகள். எடுத்து அரைத்துவிட்டால் உடன்பாடு முடிந்தது, இரத்தச் சொட்டே தேவையில்லை.

தீனி

நூற்றுக்கு நூறு விபத்தும் தீனியில்தான் என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலான ஊர்களில் உணவு முட்டைப் பொரியல், பாலில் வேகவைத்த கூழ் அல்லது களி. பெலாரஸில் ஹுத் என்ற பூதத்தை ‘வா, வாணலியில் முட்டைப் பொரியல் தருகிறேன்’ என்று அழைக்கும் வரியே உண்டு. லிதுவேனியாவின் ஐத்வாரஸும் முட்டைப் பொரியல் பிரியன். கவனிக்க வேண்டியவை:

உப்பு போடாதீர்கள். ஹொவானெட்ஸும் ஹுத்தும் உப்பிட்ட உணவைக் கண்டால் கொதித்துப்போகும். உப்பு தீயதை விலக்கும், திருமுழுக்கிலும் அதற்கு இடம் உண்டு. பிரார்த்தனையையும் சிலுவைக் குறியையும் எதற்காக விலக்கினீர்களோ, அதற்காகவே இதையும் விலக்க வேண்டும். குடும்பத்துக்குச் சமைத்த சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைப்பதுதான் வழக்கமான தவறு. தனியாகச் சமையுங்கள்.

கொதிக்கக் கொதிக்க வைக்காதீர்கள், வாய் வெந்தால் பழி உங்கள் மேல். இடம் பரண் அல்லது அடுப்புக்குப் பின்புறம், அதுவும் தினம் அதே இடம்.

பண்ணையாட்களுக்கு என்ன சொல்வீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். பால்டிக் கரை முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ஒன்று: பரணில் வைத்த பொரியலைப் பசித்த வேலைக்காரன் தின்றுவிடுகிறான், சில கதைகளில் காலிச் சட்டியில் சாணத்தையும் போட்டுவைக்கிறான். அன்றிரவு வீடு எரிகிறது. எஸ்டோனியப் பண்ணை வீடுகளில் வாழும் அறையும் தானியத்தைச் சூடேற்றி உலர்த்தும் அறையும் ஒரே கூரைக்கடியில் இருந்தன. மேலே வைக்கோல் கூரை, உள்ளே புகைபோக்கி இல்லாத அடுப்பு. இப்படிப்பட்ட வீடு எரிவதற்குப் பூதம் தேவையில்லை. ஆனால் எரிந்தபின் காரணம் தேவைப்படும்.

வெளிச்சம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐத்வாரஸ் வீட்டுக்குள் கறுப்புச் சேவல், வெளியே நெருப்பு வாலோடு பறக்கும் நாகம். லிதுவேனியக் கதையில் புது மருமகளை மாவு அரைக்க உட்கார வைக்கிறாள் மாமியார். அள்ள அள்ளத் தானியம் தீரவில்லை. மருமகள் கோவிலில் மந்திரித்த மெழுகுவர்த்தியை ஏற்றிப் பார்க்கிறாள்: தொட்டியின் மேல் ஒரு சேவல் உட்கார்ந்து தானியத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஒளி பட்டதுமே அது செத்தது. மாமியார் அழுதாள். வீட்டுக்கு மருமகள் வருவதற்கு முன் சொல்லிவைத்திருக்க வேண்டும். லிதுவேனிய மொழியில் அச்சான முதல் புத்தகம், 1547-இல் மஜ்வீதாஸ் வெளியிட்ட ஞானோபதேசம். அதன் முன்னுரையே ஐத்வாரஸை நம்புகிறவர்களைக் கண்டிக்கிறது. மந்திரித்த மெழுகுவர்த்தி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள்

கிராட்டும் லிதேர்ட்ஸும் சும்மா இருக்கக் கூடாத இனம். முட்டையிலிருந்து வெளிவந்த லிதேர்ட்ஸ் “மித், மித், மேக் மித்?” என்று நச்சரிக்கும்: என்ன, என்ன, இன்னும் என்ன? இந்த நச்சரிப்பிலிருந்தே அதற்கு ‘மித்மித்கே’ என்ற செல்லப்பெயரும் வந்தது. சொன்னதை இமைப்பொழுதில் முடித்துவிட்டு வாசலில் நிற்கும். பதில் இல்லையென்றால் முதலாளிமேல் பாயும். எஸ்டோனியாவில் செயற்கை நுண்ணறிவுக்குக் ‘கிராட்’ என்று பெயர் வைத்து, 2019-இல் அரசின் செயல்திட்டத்தையே அந்தப் பெயரால் அழைத்தது தற்செயல் அல்ல. உயிரில்லாத பொருள், சொன்னதைச் செய்யும், ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியோடு.

ஆகவே பூதத்தை எழுப்பும் முன்பே, முடிக்க முடியாத வேலை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். சோதித்துப் பார்த்தவை: கிராட்டுக்கு ரொட்டியால் ஏணி, மணலால் கயிறு. லிதேர்ட்ஸுக்குச் சல்லடையில் தண்ணீர், கயிற்றால் கட்டி மணல். நாய் வாலை நிமிர்த்தச் சொல்லிப் பூதத்தை மடக்கிய நம் ஊர்க் கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ரொட்டி ஏணியில் ஒவ்வொரு படியும் மிதித்ததும் நொறுங்கும். ஆத்திரம் முற்றிக் கிராட் தீப்பிடிக்கும். அதனால் இந்த வேலையை வீட்டை விட்டுத் தள்ளி, வைக்கோல் போர் இல்லாத இடத்தில் கொடுங்கள். லிதேர்ட்ஸுக்கு இன்னொரு வழியும் உண்டு: மரப்பொந்தில் அடைத்துவிடுவது.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய பிழை. கை நிறையப் பொருள் வரும்போது யாருக்கும் பூதத்தை விட மனம் வராது. முதலாளி படுத்த படுக்கையான பிறகு மணல் கயிறு திரிக்கச் சொல்ல ஆள் இருக்காது, வாங்கிய கடனைக் கேட்கச் சாத்தான் வந்து நிற்பான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு

வானில் நீள வால் விட்டுப் போகும் நெருப்புக்கோடு, போய் ஒரு வீட்டுப் புகைவழியில் இறங்கினால், பூதம் அந்த வீட்டுடையது. எரிகல் என்று இன்று சொல்வோம். பிரகாசத்தையும் நிறத்தையும் வைத்துச் சுமையைக் கணிப்பார்கள். ஒளிர்ந்தால் பணம், மங்கலாக இருந்தால் தானியம் என்பது ஒரு கணக்கு. ஆனால் நிறங்களை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகப் படித்ததால் இதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

சுமையைக் கீழே போடவைக்க லுசாத்தியாவிலும் அதைச் சுற்றிய ஜெர்மன் ஊர்களிலும் சொன்ன வழி, பறக்கும் நாகத்துக்குப் பின்புறத்தை அம்மணமாகக் காட்டுவது. காட்டிய கையோடு கூரைக்கடியில் ஓடி ஒளிய வேண்டும். இல்லாவிட்டால் தானியத்துக்குப் பதில் வேறு ஏதாவது தலையில் விழும், நாற்றம் நாள்கணக்கில் போகாது.

பாராவுக்கு வேறு வழி. காட்டில் அந்த மஞ்சள் கூழைக் கண்டால் எடுத்துவந்து, கீல், உப்பு, கந்தகம் மூன்றோடும் சேர்த்துக் கொதிக்க வைத்து, சாட்டையால் அடியுங்கள். பாராவின் சொந்தக்காரி தானே ஓடிவந்து விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவாள். இதை எச்சரிக்கையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் கைமாற்றாக ஏதோ வாங்க வாசலுக்கு வந்த அப்பாவிப் பெண்ணும் ‘சொந்தக்காரி’ ஆகிவிடுவாள். மாடு நன்றாகக் கறக்கும் வீட்டுப் பெண்மீது ஊர் வைத்த பழிகளில் எத்தனை இப்படி உறுதியாயிற்றோ.

பூதமே வேண்டாம் என்றால்

வளர்ப்பு, தீனி, நச்சரிப்பு எதுவும் வேண்டாதவர்களுக்கு ரஷ்யாவில் குறுக்கு வழி இருக்கிறது: செலவழித்தாலும் பைக்குத் திரும்பும் ரூபிள். ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கறுப்புப் பூனையைச் சாக்கில் போட்டு, வாயை முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டி, கிறிஸ்துமஸ் இரவு நடுச்சாமத்தில் நாற்சந்திக்குக் கொண்டுபோக வேண்டும். பூனையை அழுத்தினால் கத்தும், கத்தினால் வாங்க ஆள் வரும். வருகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். நீங்கள் கேட்க வேண்டியது ஒரு வெள்ளி ரூபிள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. கையில் விழுந்ததும் இறுகப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள். அவர் முடிச்சுகளை அவிழ்த்து உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்குள் நீங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். முடிச்சு போடுவதில் சோம்பல் வேண்டாம்.